மஞ்சள் கூடுகளை நசுக்காதீர்கள்

கேள்வி: மலைச்சரிவில் முட்டைக்கோஸ் போட்டிருக்கிறேன். இலைகளைப் புழு அரிக்கிறது. பின்னிறகில் சிவப்புப் பொட்டு வைத்த பெரிய வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் பாறைப் பக்கமிருந்து வருகின்றன. எறும்பளவுக் கருங்குளவிகளும் திரிகின்றன. சோர்ந்து கிடக்கும் புழுக்களைச் சுற்றி மஞ்சளாக முட்டைகள் தெரிகின்றன. எதற்கு மருந்து அடிப்பது?

பதில்: அந்த வண்ணத்துப்பூச்சி, குளவி இரண்டுக்குமே அடிக்காதீர்கள். சிவப்புப் பொட்டு உள்ளது அப்பல்லோ என்னும் மலை வண்ணத்துப்பூச்சி. அதன் புழு சீடம் போன்ற சதைப்பற்றுள்ள பாறைச் செடிகளைத்தான் தின்னும், கோஸைத் தொடாது. ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான் என்பதால், ஒரு பருவத்தில் அழித்தால் மீள்வது கடினம். பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு பெற்ற இனம் இது. உங்கள் இலையை அரிப்பது வேறொன்று: சிவப்புப் பொட்டில்லாத, முன்னிறகு நுனி கறுத்த கோஸ் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு.

அந்தப் புழுவுக்கு எமன்தான் நீங்கள் பார்த்த குளவி. பெயர் கோட்டீசியா குளோமெராட்டா. இளம்புழுவின் உடலுக்குள் இருபது, முப்பது என முட்டைகளைச் செலுத்திவிடும். குஞ்சுகள் உள்ளேயே வளர்ந்து, புழு முற்றியதும் தோலைத் துளைத்து வெளியேறி மஞ்சள் பட்டுக்கூடு கட்டுகின்றன. நீங்கள் முட்டை என்று நினைத்தது அந்தக் கூடுகளைத்தான். புழு உடனே சாவதுமில்லை. சில நாள் அந்தக் கூடுகளின் மேலேயே கிடந்து காவல் காக்கும்! பல ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்கு வியப்புக் குறையாத காட்சி இது.

முட்டைக்கோஸ் வண்ணத்துப்பூச்சியின் முட்டையும் மஞ்சள்தான். குழப்பம் வருவது அதனால்தான். அவை இலைக்கு அடியில் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும், மேலே வரிகள் ஓடும். குளவிக் கூடு பஞ்சு சுற்றிய சின்ன அரிசிபோல் இருக்கும். முட்டைக் கொத்தைத் தாராளமாக நசுக்குங்கள். கூட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

புழு மிகுந்தால் முதலில் கையால் பொறுக்குங்கள். கூடு ஒட்டியிருக்கும் புழுக்களை மட்டும் இலையிலேயே விடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) நுண்ணுயிர் மருந்தைக் கோஸ் இலைமேல் மட்டும், காற்றில்லாத மாலையில் தெளிக்கலாம். அது வளர்ந்த குளவியைக் கொல்லாது. ஆனால் பாறைச் செடிகளில் படிந்தால் அப்பல்லோ புழுவும் செத்துப்போகும். அந்தப் பக்கத்து வரிசைகளுக்குத் தெளிப்பே வேண்டாம், கைப்பொறுக்கல் போதும். வரப்போரம் கொத்தமல்லியைப் பூக்க விடுங்கள், வளர்ந்த குளவிகளுக்குத் தேன் கிடைக்கும்.