முகட்டில் வயிறு தட்டி நிற்கும் வண்டி: லெவல் 2 டிரைவுக்கு முன் சரிசெய்ய வேண்டியவை

கேள்வி: ஷார்ஜாவில் வேலை. பழைய பஜேரோ, 3.5 லிட்டர் ஆட்டோமேட்டிக், 265/65 ஆர்17 டயர். ஆஃப்ரோடு கிளப் ஒன்றில் ஆரம்பநிலை டிரைவ் நான்கு முடித்துவிட்டேன். வரும் சனிக்கிழமை அல் பதாயிர் பாலைவனத்தில் முழுநாள் லெவல் 2 (அடுத்த நிலை) டிரைவ். சென்ற முறை மூன்று தடவை மணல்மேட்டின் முகட்டில் வண்டியின் வயிறு தட்டி நின்றேன். ஒரு தடவை முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. “இன்னும் மிதி” என்கிறார் ஒருவர், “மிதிக்காதே” என்கிறார் இன்னொருவர். என் வண்டிக்குச் சக்தி போதவில்லையா?

பதில்: சக்தி போதும். நீங்கள் எழுதியதிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. சக்தி போதாத வண்டி மேட்டின் பாதியில் நிற்கும். உங்கள் வண்டி மூன்று முறையும் உச்சி வரை ஏறி, முன்சக்கரங்கள் அந்தப் பக்கம் தாண்டிய பிறகுதான் நின்றிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நேரம் ஒரு வண்டி நீளம் முந்திவிட்டது. அல்லது முகட்டை நேராகக் கடக்காமல் கோணலாகக் கடந்திருக்கிறீர்கள். டயர் கழன்றது வேறு கணக்கு. அதற்குக் காற்றழுத்தத்தையும் ஸ்டியரிங்கையும் பார்க்க வேண்டும்.

முதலில் மேட்டின் அமைப்பு. காற்று வரும் பக்கம் சாய்வு குறைவு, மணல் இறுகியிருக்கும், மேலே சிற்றலை போன்ற வரிகள் தெரியும். காற்று மறைவுப் பக்கம் மணல் தானாகச் சரிந்து 32 முதல் 34 டிகிரி வரை செங்குத்தாக நிற்கும். அது மாவு மாதிரி இளகியது. எமிரேட்ஸில் வலுவாக வீசுவது வடமேற்கிலிருந்து வரும் ஷமால் என்பதால், செங்குத்துப் பக்கம் பெரும்பாலும் தென்கிழக்கை நோக்கி இருக்கும். விலக்குகள் நிறைய உண்டு, அதனால் திசைகாட்டியை நம்பாமல் மேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். முழுநாள் டிரைவில் இதன் விளைவு பெரிது. காலையில் காற்றோடு போகும்போது இறுகிய பக்கம் ஏறி இளகிய பக்கம் இறங்குவீர்கள், எல்லாம் சுலபமாகத் தோன்றும். மதியத்துக்கு மேல் திரும்பும்போது அதே மேடுகளை இளகிய பக்கமிருந்து ஏற வேண்டும். பனி ஈரம் காய்ந்து மணல் உதிரியாகியிருக்கும், டயர் சூடேறி அழுத்தம் கூடியிருக்கும், ஓட்டுபவரும் களைத்திருப்பார். மாட்டிக்கொள்வதில் பாதி மதிய உணவுக்குப் பிறகுதான் நடக்கிறது.

இனி டயர் காற்று. தார்ச்சாலை அழுத்தத்திலிருந்து 15 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அலகு) இறக்குங்கள். நான்கு டயரிலும் ஒரே அளவு, ஒரே கேஜ், டயர் ஆறியிருக்கும்போது. சூடு 10 டிகிரி ஏறினால் சுமார் 1 பிஎஸ்ஐ கூடும். காலை 15 வைத்தது பதினொரு மணிக்கு 18 ஆகியிருந்தால் வியப்பில்லை, வண்டி திடீரென்று திணறுவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நடுவில் ஓய்வுக்கு நிறுத்தும்போது மறுபடி அளந்து 14-15க்குக் கொண்டுவாருங்கள். ரொம்ப இளகிய இடம் என்றால் 12 வரை போகலாம். 10க்குக் கீழே போவது மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் வெளியேற மட்டும், வெளியே வந்தவுடன் மறுபடி காற்றுப் பிடிக்க வேண்டும்.

உங்கள் டயர் கழன்றது அநேகமாக இங்கேதான். மாட்டியபோது யாராவது அவசரத்தில் காற்றைக் கூடுதலாக இறக்கியிருப்பார்கள். பிறகு அதே அழுத்தத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பியிருப்பீர்கள், அல்லது பக்கச் சரிவில் வண்டி வழுக்கியிருக்கும். குறைந்த காற்றில் மணல் டயரின் விளிம்பைப் பக்கவாட்டில் தள்ளி ரிம்மிலிருந்து பிரித்துவிடும். முன்சக்கரம் முதலில் கழல்வதற்குக் காரணம் திரும்பும் வேலை அதனுடையது என்பதுதான்.

கியர். பஜேரோவில் நாள் முழுக்க 4எச்எல்சி (4HLc, உயர்வேக நான்கு சக்கர இயக்கம்) போதும். நடு டிஃபரன்ஷியல் பூட்டியிருக்கும், ஓட்டத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். குறுகிய கிண்ணப் பள்ளம், மெதுவாக ஏற வேண்டிய திருப்பம் இவற்றுக்கு மட்டும் 4எல்எல்சி (4LLc, தாழ்வேக நான்கு சக்கர இயக்கம்). அதற்கு வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைக்க வேண்டும், ஆகவே மேட்டின் அடியில் வந்து நின்று யோசிக்காமல் முன்கூட்டியே தீர்மானியுங்கள். கியரை மேனுவல் முறையில் இரண்டிலோ மூன்றிலோ பிடித்து வையுங்கள். டி-யில் விட்டால் ஏற்றத்தின் நடுவே மேல்கியருக்குத் தாவி வேகத்தைத் தின்றுவிடும். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்க மறக்காதீர்கள். சக்கரம் கொஞ்சம் வழுக்கியதும் அது எஞ்சினை அடக்கும். மணலில் கொஞ்சம் வழுக்குவது இயல்பு.

முகட்டுக்கு வருவோம். வேகத்தை அடியிலிருக்கும் சமதரையிலேயே சேர்த்துவிட வேண்டும், சரிவில் சேர்க்க முடியாது. முகட்டுக் கோட்டுக்குச் செங்குத்தாக, நேராக ஏறுங்கள். பானெட் வானத்தை மறைக்கும் கணத்தில் முகடு எங்கே என்று தெரியாது. ஆகவே உங்களுக்கு முன்னால் போகும் வண்டியின் கொடி எந்த இடத்தில் தாழ்ந்தது, எவ்வளவு வேகத்தில் தாழ்ந்தது என்பதைக் கீழேயிருந்தே குறித்துக்கொள்ளுங்கள். சட்டென்று மறைந்தால் அந்தப் பக்கம் செங்குத்து, மெல்ல மறைந்தால் தட்டை. முகட்டுக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது காலைத் தளர்த்துங்கள், முழுக்க எடுத்துவிட வேண்டாம். வண்டியின் மூக்கு தானாகக் கவிழ்ந்து, முன்சக்கரம் மறுபக்கச் சரிவைத் தொட்ட பிறகுதான் கால் முழுக்க வெளியே வர வேண்டும். பிரேக் வேண்டாம். மணலில் பிரேக் போட்டால் சக்கரத்துக்கு முன்னால் சின்ன அணை கட்டிக்கொள்ளும், மறுபடி நகர அதைத் தாண்டியாக வேண்டும்.

தவறினால் என்ன ஆகும்? மிக முன்னால் காலை எடுத்தால் ஏற்றத்திலேயே நிற்கும். அது ஒன்றும் இழுக்கில்லை. ரிவர்ஸில் போட்டு, வந்த தடத்திலேயே நேராக இறங்கி மறுபடி வாருங்கள். நியூட்ரலில் உருட்டக் கூடாது, சரிவில் ஸ்டியரிங்கைத் திருப்பவும் கூடாது. கொஞ்சம் முன்னால் எடுத்தால் உங்களுக்கு நடந்ததுதான்: முகடு வண்டியின் வயிற்றில் முட்டும், சக்கரங்களுக்குப் பிடிப்பு போய்விடும். எடுக்கவே இல்லையென்றால் வண்டி பறந்து மூக்கால் இறங்கும். ரேடியேட்டர், பம்பர், சில சமயம் ஏர்பேக், அதோடு முதுகெலும்பு. “இன்னும் மிதி” என்று சொல்பவர் இந்த மூன்றாவதைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர் சொல்வது மேட்டின் அடியில் சரி, “மிதிக்காதே” என்பவர் சொல்வது உச்சியில் சரி.

கான்வாயில் இடமும் முக்கியம். முதல் வண்டி கூர்மையான முகட்டை உடைத்துவிடுவதால் மூன்றாவது, நான்காவது வண்டிக்கு வயிறு தட்டுவது குறையும். ஏழெட்டு வண்டிகள் போன பிறகு தடம் உழுத வயலாகிவிடும். காலையில் விளக்கம் சொல்லும்போதே லீடரிடம் “முகட்டில் தடுமாறுகிறேன், மூன்றாவதாக வருகிறேன்” என்று சொல்லுங்கள், நல்ல லீடர் மகிழ்ச்சியாக ஏற்பார். தடம் கெட்டுப்போயிருந்தால் அதிலேயே விழாமல் ஒரு வண்டி அகலம் தள்ளி ஏறுங்கள்.

ஒரு மேட்டில் ஒரே நேரத்தில் ஒரே வண்டி. முன்னது இறங்கி விலகிவிட்டதாக ரேடியோவில் கேட்ட பிறகுதான் அடுத்தது ஏற வேண்டும். முகட்டில் மாட்டினால் முதல் வேலை மண்வாரியை எடுப்பதல்ல, “முகட்டில் நிற்கிறேன், யாரும் ஏற வேண்டாம்” என்று சொல்வது. பதாயிரில் வாரயிறுதியில் இது இரட்டிப்பு முக்கியம். பிக் ரெட் என்று எல்லோரும் அழைக்கும் அந்தச் செம்மணல் மேட்டைச் சுற்றி வாடகைக் குவாட் பைக்குகளும் பக்கி எனும் மணல் வண்டிகளும் எந்தத் திசையிலிருந்தும் வரும், அவர்களுக்கு உங்கள் ரேடியோ கேட்காது. உயரமான கொடி கட்டுவது அதற்குத்தான்.

வயிறு தட்டிய வண்டியை எடுக்கும் முறை: ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி இன்னும் அமரும். வயிற்றின் அடியில் குவிந்த மணலை இரு பக்கமிருந்தும் வாரி எடுங்கள், பிறகு எந்தப் பக்கம் வெளியேறப் போகிறீர்களோ அந்தப் பக்கம் நான்கு சக்கரங்களுக்கும் சரிவான வழி வெட்டுங்கள். ஜன்னல் வழியே தலையை நீட்டி முன்சக்கரம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மணலில் ஸ்டியரிங் சொல்வது ஒன்று, சக்கரம் நிற்பது இன்னொன்று. தோண்டும்போது வண்டியின் இறக்கப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. இரண்டு முறை முயன்று நகரவில்லையென்றால் கயிறு.

கயிறு என்றவுடன் ஒரு கண்டிப்பு. டிரெய்லர் இழுக்கும் உருண்டைக் கொக்கியில் கயிறு மாட்டவே கூடாது. அது முறிந்தால் இரும்புக் குண்டாகப் பாயும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பம்பரில் திருகி மாட்டும் சிறு வளையமும் வேலைக்காகாது, அது தார்ச்சாலையில் மெல்ல இழுக்க மட்டும். சேசிஸோடு போல்ட் செய்த கொக்கி, தாங்கும் எடை எழுதியிருக்கும் கைனடிக் ரோப் (நீண்டு சுருங்கும் இழுவைக் கயிறு), துணி ஷேக்கிள் (இணைப்பு வளையம்). இரும்பு ஷேக்கிள் குறைவாக இருக்கும் அளவுக்கு நல்லது. ரோப் 9 மீட்டர் என்றால் வேடிக்கை பார்ப்பவர்கள் குறைந்தது 14 மீட்டர் தள்ளி, பக்கவாட்டில். கைகாட்டுபவர் ஒருவர் மட்டும். முதல் இழுப்பு மென்மையாக. முடியாவிட்டால் இன்னும் தோண்டுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள்.

பக்கச் சரிவில் வண்டி கீழே நழுவ ஆரம்பித்தால் மூளை மேல்பக்கம் திருப்பச் சொல்லும். அதைக் கேட்டால் வண்டி உருளும். ஸ்டியரிங்கை இறக்கத்தை நோக்கித் திருப்பி, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். செங்குத்துப் பக்கம் இறங்கும்போதும் இதே விதிதான்: நேராக, தாழ்ந்த கியரில், பிரேக் இல்லாமல். பின்பக்கம் ஒதுங்கினால் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் நேராகிவிடும்.

டயர் மறுபடி கழன்றால் அதே சக்கரத்தில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். சமதரையில் மற்றச் சக்கரங்களை அடைத்து, 30 செ.மீ. சதுரப் பலகையின் மேல் ஜாக் வையுங்கள், வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. ரிம்மிலும் டயர் விளிம்பிலும் உள்ள மணலைச் சுத்தமாகத் துடைத்துச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வால்வுப் பின்னைக் கழற்றிவிட்டுக் கம்ப்ரஸரைப் போட்டால் காற்று வேகமாகப் போகும், விளிம்பு ‘டப்’ என்று உட்காரும். உட்காரவில்லையென்றால் டயரின் நடுவைச் சுற்றி ராட்செட் பெல்ட்டை இறுக்குங்கள், விளிம்புகள் வெளியே தள்ளி ரிம்மைத் தொடும். சரியாக உட்கார 30 பிஎஸ்ஐ வரை ஏற்றிவிட்டு மறுபடி 15க்கு இறக்குங்கள். ஸ்பிரே அடித்துத் தீ வைக்கும் வித்தையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

பழைய ஆட்டோமேட்டிக் பஜேரோவுக்கு உண்மையான ஆபத்து கியர்பாக்ஸ் சூடு. ஏ/டி டெம்ப் (கியர்பாக்ஸ் சூடு) விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைக்காதீர்கள், அணைத்தால் கியர் ஆயில் சுற்றுவது நின்றுவிடும். ரேடியோவில் சொல்லிவிட்டு மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, பார்க்கில் போட்டு, ஏசியை அணைத்து ஐடிலில் விடுங்கள். விளக்கு அணைந்து ஐந்து நிமிடம் கழித்துக் கிளம்பலாம். அதிகம் சூடேற்றுவது மாட்டிக்கொண்ட இடத்தில் முன்னும் பின்னும் உறுமுவதுதான். சனிக்கிழமைக்கு முன் கியர் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். கறுத்துக் கருகிய வாடை வந்தால் டிரைவை ஒத்திப்போடுங்கள்.

எடுத்துச் செல்ல: முழு டேங்க் பெட்ரோல் (மணலில் சாலையைப்போல் இரண்டு மடங்கு குடிக்கும்), ஆளுக்கு 5 லிட்டர் தண்ணீர், கம்ப்ரஸர், கேஜ், மண்வாரி, மணல் பலகை இரண்டு, ஸ்பேர் டயர், தீயணைப்பான். உள்ளே உருளக்கூடிய எதையும் கட்டிவையுங்கள். கூலர் பெட்டி பின்மண்டையில் அடித்தால் பாறைதான். கட்டைவிரலை ஸ்டியரிங் கம்பிக்குள் நுழைத்துப் பிடிக்காதீர்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் ஆஃப்ரோடு பாதுகாப்பு எழுதியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஆம்புலன்ஸ் 998, போலீஸ் 999. அழைக்கும் முன் போனில் உங்கள் இருப்பிட எண்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதை மெலைஹா பக்கம் நீண்டால் வேலிகளைக் கவனியுங்கள். அங்குள்ள ஃபாயா பகுதி 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வேலியைச் சுற்றிப் போங்கள், காஃப் (வன்னி) மரத்தின் நிழலில் வண்டியை நுழைக்காதீர்கள்.

தார்ச்சாலை ஏறும் முன் முழுக் காற்று. 15 பிஎஸ்ஐயில் நெடுஞ்சாலை வேகத்தில் போனால் டயர் சூடேறி வெடிக்கும். சிறிய கம்ப்ரஸருக்கு நான்கு டயருக்கும் அரைமணி ஆகலாம், இருட்டுவதற்குள் முடிக்கப் பாருங்கள். மறுநாள் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் அலைன்மென்ட் கடைக்கு ஓடாதீர்கள். ரிம்மின் உட்புறம் மணல் ஒட்டியிருக்கும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் நின்றுவிடும். ஏர் ஃபில்டரையும் அன்றே திறந்து தட்டிவிடுங்கள்.