உவரி ஈரமணலில் ஓயாமல் கத்தும் கருவி

கேள்வி: என் மைத்துனர் வாங்கித் தந்த மெட்டல் டிடெக்டர் எங்கள் தோட்டத்திலும், உவரிக் கடற்கரையின் காய்ந்த மணலிலும் ஒழுங்காக வேலை செய்கிறது. கோயிலுக்குப் போயிருந்தபோது கடலில் குளித்த என் தங்கையின் தங்கக் கம்மல் ஒன்று தொலைந்துவிட்டது. அதைத் தேடி அலையோரம் கருவியைக் கொண்டு சென்றால், வைத்த இடமெல்லாம் கத்துகிறது. கருவி பழுதா ஐயா?
– வாசகர் ஒருவர், திசையன்விளை

பதில்: பழுதில்லை. கருவியின் சுருள் மண்ணுக்குள் மாறும் காந்தப்புலத்தை அனுப்பி, அதனால் உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டத்தை உணர்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால் அந்த நீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே நனைந்த மணற்பரப்பு முழுவதுமே கருவிக்கு ஓர் உலோகத் தகடு போலத் தோன்றுகிறது.

உவரியில் இன்னொரு சங்கடமும் உண்டு. நேர்த்திக்கடனுக்காக மக்கள் ஓலைப்பெட்டியில் சுமக்கும் அந்த மணலில் செந்நிறக் கார்னெட்டும் கருநிற இல்மனைட்டும் கலந்திருக்கின்றன. இரண்டிலும் இரும்பு உண்டு. உப்புநீர் தரும் சைகை ஒரு விதம், இந்தக் கனிமங்கள் தரும் சைகை வேறு விதம் என்பதால், ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் கருவியின் கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண் தரும் சைகையைக் கழித்துவிடும் அமைப்பை, ஒன்றுக்குப் பொருத்தினால் மற்றொன்று கத்தத் தொடங்கும். பல அதிர்வெண்களை ஒருங்கே பயன்படுத்தும் கருவி, அவற்றை ஒப்பிட்டு இந்த இரைச்சலில் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறது. பல்ஸ் இண்டக்‌ஷன் வகை, காந்தத் துடிப்பு ஒன்றை அனுப்பிவிட்டுச் சில மைக்ரோ விநாடிகள் பொறுத்தே கேட்பதால் உப்புநீரின் சைகை அதற்குள் அடங்கிவிடும். ஆனால் இரும்பைப் பிரித்தறிவது அதற்குக் கடினம் என்பதால், அதை நம்பித் தோண்டுகிறவர் துருப்பிடித்த ஆணிகளையும் நிறையவே எடுக்க நேரிடும்.

உங்களிடம் இருப்பதைக் கொண்டே தேடுவதானால், கிரவுண்ட் பேலன்ஸை ஈரமணலிலேயே மறுபடி செய்து, சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) இரைச்சல் அடங்கும்வரை குறையுங்கள். சுருளை ஒரே உயரத்தில் மெதுவாக வீசியபடி, கடலை நோக்கி அல்லாமல் அலைக்கோட்டை ஒட்டியே நடந்தால், மணலின் ஈரம் அடிக்கடி மாறாது. வீண் சத்தமும் குறையும்.

இருந்தாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மெல்லிய கம்மல் தரும் சைகை, உப்புநீரின் சைகைக்கு மிக அருகில் இருப்பது. உப்பை அடக்கும் அமைப்பு கம்மலையும் அடக்கிவிடக்கூடும். கனமான மோதிரம் என்றால் நான் இவ்வளவு தயங்கமாட்டேன். போதாததற்கு, எடைமிகுந்த பொருள்களை அலை ஒரே இடத்தில் சேர்ப்பதால், செம்மணலும் கருமணலும் பட்டையாகப் படிந்திருக்கும் இடத்தில்தான் தங்கமும் தங்க வாய்ப்பு அதிகம், அதாவது கருவி மிகுதியாகத் திணறும் இடத்திலேயே. கம்மல் விழுந்த இடம் ஓரளவு தெரியுமானால், கடல் வற்றும் நேரத்தில் அந்தப் பட்டைகளை அள்ளிச் சல்லடையில் கடல்நீர் ஊற்றி அலசிப் பாருங்கள்; சல்லடைக் கண் கம்மலின் திருகாணியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்.