அந்த மர உருவம் சாமியா, ஆவியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெளிநாட்டுல ஒரு மியூசியத்துல 'நியூ அயர்லாந்து, பப்புவா நியூ கினி'ன்னு போர்டு போட்டு ஒரு மரச் சிற்பம் வச்சிருந்தாங்க. மனுஷன், மீனு, பறவை, பாம்பு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருந்துச்சு. கண்ணு மட்டும் உயிரோட பாக்குற மாதிரியே இருந்துச்சு. அது சாமியா, ஆவியா?

நீங்க பாத்தது மலாங்கன், பசிபிக் கடல்ல இருக்கற நியூ அயர்லாந்து தீவு மக்கள் செய்யறது. சிற்பத்துக்கும் அதை வச்சு நடத்துற சடங்குக்கும் சேத்து அதான் பேரு. முதல்ல அந்தக் கண்ணைப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா எனக்கும் அதுலதான் மனசு மாட்டுச்சு. அது பெயிண்ட் இல்லைங்க. டர்போன்னு ஒரு கடல் நத்தை இருக்கு, அது ஓட்டுக்குள்ள போனதும் வாசலை அடைச்சுக்க வட்டமா வழவழன்னு ஒரு மூடி வச்சிருக்கும், நடுவுல பச்சையா மினுங்கும், அந்த மூடியை எடுத்து மரத்துல குழி பண்ணி பதிச்சிடுவாங்க, அதான் வெளிச்சம் பட்டா நம்மளையே பாக்குற மாதிரி இருக்கு.

சாமின்னு சொல்ல முடியாது. அது செத்துப் போனவங்களுக்காக செய்யறது, ஆனா அவங்க முகச்சாயல்ல செதுக்கறதில்ல. உடம்பை விட்டுப் போன உயிர்சக்தி கொஞ்ச நேரம் வந்து தங்க ஒரு இடம், அவ்ளோதான். ஆளைப் புதைச்ச உடனே இது நடக்காது, பன்னி வளக்கணும், கிழங்கு சேக்கணும், எத்தனையோ மாசம், சில சமயம் வருஷக்கணக்குல ஆகும், அதுக்குள்ள இன்னும் சில பேர் இறந்திருந்தா எல்லாருக்கும் சேத்தே நடத்திடுவாங்க.

கேள்வி: இவ்ளோ கஷ்டப்பட்டு செதுக்கிட்டு சடங்கு முடிஞ்சதும் அழுக விட்டுடுவாங்களாமே, நெஜமாவா? மனசு கேக்கல.

நெஜம்தாங்க. எரிப்பாங்க, இல்லன்னா அப்படியே விட்டுடுவாங்க, மழையும் கரையானும் பாத்துக்கும். வந்த உயிர் கிளம்பிடுச்சு, இறந்தவங்களுக்கு செய்ய வேண்டியது முடிஞ்சுது, அப்புறம் அந்த மரத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அவங்க பத்திரமா வச்சுக்கறது மரத்தை இல்ல, அந்த டிசைனை. இன்ன வடிவம் இன்ன குடும்பத்துக்குன்னு உரிமை இருக்கு, அனுமதி இல்லாம வேற யாரும் செதுக்க முடியாது, சடங்குல பன்னியும் சிப்பிக்காசும் குடுத்து அந்த உரிமை கைமாறும். வாங்கினவர் அந்த உருவத்தை மனசுலயே வச்சிருந்து பல வருஷம் கழிச்சு ஞாபகத்துல இருந்து சொல்லி செதுக்க வைப்பார். இதை நெனச்சா எனக்கு உடம்பு சிலிர்க்குது. 1884ல ஜெர்மன்காரங்க அந்தத் தீவுகளை ஆள ஆரம்பிச்சப்புறம், எரிக்க வேண்டியதை தீவுக்காரங்க வித்துட்டாங்க, ஐரோப்பா மியூசியங்கள்ல இவ்ளோ மலாங்கன் இருக்கறதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

கேள்வி: மெலனீசியா, அதாவது நியூ கினியும் அதுக்குக் கிழக்கால இருக்கற பசிபிக் தீவுகளும், அங்க முழுக்க இதே பழக்கம்தானா?

இல்லைங்க, தீவுக்குத் தீவு மாறும். சாலமன் தீவுகள்ல அந்தக் காலத்துல போர்ப் படகோட முன்பக்கம், தண்ணிக்கு ரொம்ப கிட்ட, 'ஙுசுஙுசு'ங்கற பேர்ல ஒரு சின்ன கறுப்பு உருவம் கட்டுவாங்க, முகத்துல முத்துச்சிப்பி பதிச்சிருக்கும், கடல்ல இருக்கற கெட்ட ஆவிங்க கிட்ட இருந்து படகைக் காப்பாத்தறது அதோட வேலை. பப்புவா நியூ கினியில செபிக் ஆத்தோரம் இருக்கற இயாட்முல் மக்கள் கிட்ட மூதாதை உருவம் செதுக்கின ஸ்டூல் ஒண்ணு இருக்கும், அதுல யாரும் உக்கார மாட்டாங்க, ஊர்க்கூட்டத்துல பேசறவர் கையில இலைக்கட்டை எடுத்து அதுமேல அடிச்சு அடிச்சு பேசுவார், மூதாதை முன்னாடி பேசற மாதிரி.

என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது அஸ்மத் மக்களோட பிஸ் கம்பம்தான். அது நியூ கினியோட மேற்குப் பாதியில, இப்ப இந்தோனேசியா. ஒரு மாங்குரோவ் மரத்தை வெட்டி தலைகீழா நிறுத்தி, பக்கவாட்டு வேர் ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை எல்லாம் வெட்டிடுவாங்க, அந்த வேர்தான் மேல இருக்கற உருவத்துல இருந்து ரெக்கை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். கம்பத்துல செதுக்கின மூதாதைங்க ஒருத்தர் மேல ஒருத்தரா நிப்பாங்க. முன்னாடி காலத்துல எதிரி கையில செத்தவங்களுக்காக, பழி வாங்கணும்னு ஞாபகப்படுத்த நட்டாங்க. விருந்து முடிஞ்சதும் சவ்வரிசி மாவு எடுக்கற சேகோ பனங்காட்டுல கொண்டுபோய் போட்டுடுவாங்க, அது மக்கி சேகோவுக்கு சத்தாகும்னு நம்பிக்கை. அஸ்மத் கதைப்படி மனுஷங்களே மரத்துல இருந்து வந்தவங்கதான். ஃபுமெரிபிட்ஸ்னு ஒருத்தர் தனியா இருக்க முடியாம மரத்துல ஆள் ஆளா செதுக்கி வீட்டுக்குள்ள நிறுத்தி வச்சார், அப்பவும் தனிமை போகல, ஒரு மேளம் செஞ்சு தட்ட ஆரம்பிச்சார், அந்த மரப் பொம்மைங்க முதல்ல விறைப்பா, அப்புறம் மெல்ல மெல்ல முட்டி மடங்கி ஆட ஆரம்பிச்சிடுச்சாம்.