கையெழுத்து உன்னுடையது

கண்ணு, பித்தப்பைக் கல்லுக்கு அறுவைச் சிகிச்சை என்று தேதி கொடுத்துவிட்டார்கள், ஒப்புதல் படிவத்தை வீட்டுக்காரரிடம் கொடுக்காமல் உன்னிடமே நீட்டுகிறார்கள், மருத்துவர் பேசுவதில் பாதி புரியவில்லை. திருப்பிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களா, விசாவுக்குப் பாதகம் வருமா? சேலம் அம்மாபேட்டையிலிருந்து இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து சில மாதங்களே ஆன நீ, "அக்கா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று கேட்டிருப்பது இதைத்தான். நான் இப்போது விடுமுறையில் சேலத்தில், அஸ்தம்பட்டியில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அவருக்கும் இங்கே ஓர் அறுவைச் சிகிச்சை முடிந்தது. இரண்டு ஊர் ஆஸ்பத்திரி வழக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்த்திருக்கிறது.

விசா பயத்தை முதலில் இறக்கி வை. விசா எடுக்கும்போதே தலைக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டித்தான் வந்திருக்கிறீர்கள். என்.எச்.எஸ். என்கிற அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனையில் அறுவைக்கோ படுக்கைக்கோ உனக்குப் பில் வராது. வருகையாளருக்கு வந்த பில் 500 பவுண்டோ அதற்கு மேலோ கட்டாமல் கிடந்தால் பிறகு விசாவில் சிக்கல் வரலாம். கேள்வி கேட்டவரையோ புகார் எழுதியவரையோ அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. புகார் செய்ததற்காகச் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது என்பது என்.எச்.எஸ். சாசனத்திலேயே இருக்கிறது.

இனி அந்தக் கையெழுத்து. நம் ஊரில் யார் போடுகிறார்கள்? அண்ணனைச் சேர்த்த தனியார் மருத்துவமனையில் அவர் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். புத்தி தெளிவாக, பேச்சு தெளிவாக. படிவமோ தாழ்வாரத்தில் நின்ற மருமகன் கைக்குப் போனது. "இங்கே ஒன்று, இங்கே ஒன்று" என்று விரல் வைத்துக் காட்டினார்கள், அவரும் போட்டார். யாருக்கும் இதில் தப்பு தெரியவில்லை. அண்ணனுக்கே தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இந்தியச் சட்டம் இதை ஏற்கிறது என்று நினைத்துவிடாதே. டெல்லியில் ஒரு பெண்ணைச் சோதனைக்காக மயக்கத்தில் வைத்திருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு என்று பெயர். மயக்கம் தெளிந்ததும் அவரிடமே கேட்டிருக்கலாம், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை, ஆகவே தாயின் ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னது. தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகளாகியும் நம் ஊர்த் தாழ்வாரங்களில் மருமகன்கள்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் உன் வீட்டுக்காரர் போட விரும்பினாலும் விடமாட்டார்கள். சுயநினைவோடு முடிவெடுக்க முடிகிற பெரியவருக்காக வேறு எவரும் ஒப்புதல் தர முடியாது. கணவர் என்பதால் மட்டும் தனி அதிகாரம் இல்லை. உன் பரிசோதனை முடிவுகளைக்கூட நீ சரி என்று சொன்னால்தான் அவரிடம் பேசுவார்கள். முதலில் இது முகத்தில் அடித்தது போல இருக்கும், அவருக்கும் வருத்தமாக இருக்கும். "இவரிடம் எல்லாம் சொல்லலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, போதும்.

ஆனால் கையெழுத்து உன்னுடையது என்றால் கேள்வியும் உன்னுடையது. ஸ்காட்லாந்தில் நடீன் மான்ட்கோமரி என்ற பெண்ணுக்குச் சர்க்கரை நோய், சிறிய உடல்வாகு. குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயத்தை மருத்துவர் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று நினைத்தார். குழந்தை பாதிப்போடு பிறந்தது. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்தத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த நோயாளியின் நிலையில் இருப்பவர் முக்கியமாகக் கருதக்கூடிய அபாயங்களையும், வேறு என்ன வழி இருக்கிறது என்பதையும் மருத்துவர் சொல்லியே ஆக வேண்டும். அதனால் நீ கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

பித்தப்பை என்றால் இதையெல்லாம் கேள்: பித்தநாளம் அடிபட எவ்வளவு வாய்ப்பு, பித்தம் கசிந்தால் எப்படித் தெரியும், துளை வழியாகத் தொடங்கி வயிற்றைத் திறக்க வேண்டி வருமா, இப்போது செய்யாமல் பொறுத்தால் என்ன ஆகும், கத்தி பிடிப்பது பெரிய மருத்துவரா பயிற்சியில் இருப்பவரா. கடைசிக் கேள்வியைக் கேட்க எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறினால் வேண்டாம் என்று சொல்லலாம்.

தமிழில் கேட்க வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேள். பெரும்பாலும் தொலைபேசியில் வருவார், காசு கிடையாது. அந்த வேலையை வீட்டுக்காரரிடம் விடாதே. குடும்பத்தார் மொழிபெயர்ப்பதை மருத்துவமனைகளும் விரும்புவதில்லை. "அவள் பயப்படுவாள்" என்று நல்ல மனதோடு பாதியை விழுங்கிவிடுகிற கணவர்கள் சேலத்தில் மட்டுமா இருக்கிறார்கள்? தேதிக்கு முன்பே போன் செய்து தமிழ் வேண்டும் என்று பதிந்து வை. அன்றைக்குப் போய்க் கேட்டால் அலைச்சல். உடலைப் பரிசோதிக்கும்போது துணைக்கு ஒரு பெண் ஊழியர் நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம். பெண் மருத்துவரையும் கேட்கலாம், ஆள் இருந்தால் தருவார்கள்.

மயக்க மருந்து கொடுப்பவர் என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்பார். செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் அம்மா வாங்கிக் கொடுத்தனுப்பிய சூரணத்தையும் சொல். அதெல்லாம் மருந்தா என்று விட்டுவிடாதே.

நம் ஊரில் பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் தனியாருக்குப் போனாலும் முதல் பேச்சு "அங்கே நமக்கு யாரைத் தெரியும்?" என்பதுதான். ஏற்காட்டு மலைக்கிராமத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் நோயாளியை இறக்கிக்கொண்டு வருகிறவர்கள், வழியிலேயே சேலத்துச் சொந்தக்காரனுக்குப் போன் போட்டுவிடுவார்கள். இங்கிலாந்தில் தெரிந்தவர் வேண்டாம், நடைமுறை தெரிந்தால் போதும். குறை இருந்தால் மருத்துவமனைக்குள்ளேயே பால்ஸ் என்ற உதவிப் பிரிவு இருக்கிறது, நேரில் போய்ப் பேசலாம். எழுத்துப் புகாருக்கு 12 மாத அவகாசம். அந்தப் பதிலும் சரியில்லை என்றால், ஆம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அறுவைக்குப் பிறகு உடல் மோசமாகிக்கொண்டே போகிறது, வார்டில் யாரும் காதில் வாங்கவில்லை என்றால், வேறொரு அவசரக் குழுவை நீயோ வீட்டுக்காரரோ நேரடியாக அழைக்கலாம். மார்த்தா விதி என்பார்கள். மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி 2021இல் இறந்த பிறகு பெற்றோர் போராடி வாங்கியது, 2024 முதல் நடைமுறைக்கு வந்தது. வார்டு சுவரில் அதற்கான எண் ஒட்டியிருக்கிறதா என்று போனதும் பார்.

எல்லாம் எழுதியபடி நடக்கிறது என்று சொல்லமாட்டேன். 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதும் அங்கே உரிமைதான். அதற்கென்று வைத்த இலக்கை 2016க்குப் பிறகு எட்டவே இல்லை. உனக்குத் தேதி கிடைத்ததே பெரிது, அதைத் தவறவிடாதே.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கு. முழுக் கோப்பும் வேண்டுமென்றால் எழுதிக் கேள், பணம் வாங்காமல் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சேலத்தில் முன்பு எடுத்த ஸ்கேன் விவரம் தேவைப்பட்டால் அதற்கும் வழியுண்டு: நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ மன்றத்தின் 2002 விதி சொல்கிறது. உன் கையெழுத்தோடு ஒரு கடிதம் அனுப்பு, அப்பாவைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரவழைக்கலாமா என்று கேட்டிருந்தாய். இந்த அறுவை முடிந்து பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் 24 மணி நேரம் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் போதும். அம்மா வருவதானால் டிக்கெட் போடும்போதே பயணக் காப்பீட்டையும் எடுத்துவிடு. வருகையாளர் விசாவில் வந்தவர் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால், என்.எச்.எஸ்.ஸுக்கு ஆகும் செலவில் 150 சதவீதத்தை அவரிடம் வசூலிப்பார்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், காப்பீட்டுப் படிவத்தில் அதை மறைக்காமல் எழுது.