கையில் மொத்தமாகக் காசு இல்லாதபோது: கேள்வி பதில்

கேள்வி (கொட்டாஞ்சேனை): அக்கா, வீட்டுக்கு வந்து தவணை வாங்கும் கம்பனியில் ஒரு லட்சம் எடுக்கப்போகிறேன். 24 வீத வட்டி, 12 மாதம், மாதம் 10,333 ரூபாய். நகையை அடகு வைப்பதைவிட இது மானமான வழி என்கிறார் அம்மா.

பதில்: அந்த 24 வீதம், முழு லட்சமும் வருடம் முழுக்க உங்களிடமே இருப்பதாக வைத்துப் போட்ட வட்டி. உண்மையில் மாதாமாதம் முதல் தொகையில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 42 வீதம். பத்திரச் செலவென்று 3,000 பிடித்துக்கொண்டு 97,000 தந்தால் 48 வீதத்தைத் தொடும்.

கையொப்பம் வைக்க முன் மூன்று கேள்வி கேளுங்கள். குறைந்து செல்லும் மீதிக்கு எத்தனை வீதம்? கைக்கு வரும் தொகை எவ்வளவு? நான்காம் மாதமே முழுக்கக் கட்டினால் மிச்ச வட்டியைக் கழிப்பீர்களா? பதில்களை எழுத்தில் வாங்குங்கள்.

வங்கியின் அடகு வட்டியை இந்த 42உடன் ஒப்பிடுங்கள், 24உடன் அல்ல. அடகுச் சீட்டில் கல் நீக்கிய எடை, கரட், முடிவுத் திகதி மூன்றும் இருக்கவேண்டும். ஒரு பவுண் 8 கிராம். வீட்டிலேயே கணக்குப் பார்த்துக்கொண்டு போங்கள். நகைக்கு எவ்வளவு தருவார்களோ அவ்வளவையும் எடுக்காமல் தேவையானதை மட்டும் எடுங்கள், வட்டி குறையும், மீட்பதும் சுகம். முடிவுத் திகதிக்கு முன்பே போய் வட்டியைக் கட்டிப் புதுப்பியுங்கள். திகதியைத் தவறவிட்டால்தான் நகை ஏலத்துக்குப் போகும். அடகு வைப்பதில் மானக்குறைவு ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி (மட்டக்குளி): சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு சேமிக்காதவன் பொறுப்பில்லாதவன் என்கிறார் அண்ணன். அவர் வெள்ளவத்தையில் அப்பாவின் வீட்டில் இருக்கிறார். எனக்குச் சம்பளம் 90,000, வாடகை 45,000.

பதில்: அண்ணனுக்கு மாதம் 45,000 மிஞ்சுவது அப்பாவின் வீட்டால். அதைத் தன் ஒழுக்கம் என்று அவர் எண்ணுகிறார்; கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வாடகை கட்டாதவருக்கு அந்தப் பாரம் கண்ணில் படாது. உங்கள் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கென்றால் 18,000. அதை ஒதுக்கிவிட்டு மாதக் கடைசியில் வட்டிக்கு வாங்கினால் நட்டம்தான்.

முதல் இலக்கு ஒரு மாத வாடகை. மாதம் 3,750 வைத்தால் 12 மாதத்தில் 45,000. வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸும் உங்கள் சேமிப்புத்தான். எப்போது திரும்பும், எதற்கெல்லாம் கழிப்பார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். குடிபோகும் அன்றே சுவர், குழாய், மின் மீற்றர் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி (புறக்கோட்டைக் கடை ஊழியர்): ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) வேண்டாமென்றால் சம்பளம் முழுதாகக் கைக்கு வரும் என்கிறார் முதலாளி. நல்லதுதானே?

பதில்: இல்லை. சம்பளம் 50,000 என்றால் உங்களிடம் பிடிப்பது 8 வீதம், 4,000. முதலாளி தன் கையால் போடவேண்டியது 12 வீதம், 6,000. ஈ.ரி.எஃப் என்ற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதம், 1,500; அதுவும் அவர் பொறுப்பு. 4,000ஐக் கையில் வாங்கி மாதம் 7,500ஐ இழக்கிறீர்கள். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும், தற்காலிக வேலையென்றாலும் சட்டம் ஒன்றுதான். "வேண்டாம்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைத்து நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

கேள்வி (பம்பலப்பிட்டி): எங்கள் சீட்டில் 10 பேர், ஆளுக்கு மாதம் 5,000. கடைசி முறை எனக்கு. நட்டமா?

பதில்: முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன், உங்களுக்கு வட்டியில்லாச் சேமிப்பு. விலைவாசி பாயும் வருடத்தில் பெரிய நட்டம் கடைசி ஆளுக்குத்தான். 2022 செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். அவசரத் தேவை உள்ளவர் முன்னால் எடுக்கட்டும், ஆனால் எடுத்தபின் கட்டாமல் விடுவதுதான் சீட்டு உடையும் வழி. முதல் மூன்று முறைக்காரரிடம் பிணை ஒருவரைக் கேளுங்கள், ஒவ்வொரு மாதமும் எல்லோரும் கொப்பியில் கையொப்பம் வையுங்கள்.