இங்கிலாந்தில் உங்கள் மகனுக்கான தனிப் பாடத்திட்டம்: புதிதாக வந்த ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கணவரின் வேலை விசாவில் குடும்பமாக இங்கிலாந்துக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன என்றும், ஏழு வயது மகனுக்கு ஆட்டிசம் இருப்பதாகவும், பேச்சு இன்னும் வரவில்லை என்றும், வலிப்புக்கு மருந்து எடுத்துக்கொள்கிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். பள்ளியில் "அவனுக்கென்று தனியாகப் பாடத்திட்டம் போடுவோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதை யார் போடுவார்கள், அதில் பெற்றோர் பேசலாமா, விசாவுக்குப் பாதிப்பு வருமா, வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள். நான் இந்த நாட்டில் நெடுங்காலமாக வசிப்பவள். சிறப்புப் பள்ளியில் வகுப்பு உதவியாளராகச் சேர்ந்து, இப்போது ஆசிரியராக இருப்பவள். எனக்கு நன்றாகத் தெரிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

விசாவைப் பற்றிய அச்சத்தை முதலில் நீக்கிவிடுகிறேன். ஏனென்றால் அந்த அச்சத்தால் வாய் திறக்காமல் இருந்துவிடும் குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். உங்கள் விசாவில் "நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்", அதாவது பட்டியலிட்ட சில அரசு உதவிகளைப் பெறக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அரசுப் பள்ளிக் கல்வியும், அதன் பகுதியாகக் கிடைக்கும் சிறப்புக் கல்வி உதவியும் அந்த நிபந்தனைக்குள் வருவதில்லை. ஆகவே மகனுக்கு மதிப்பீடு கேட்பதாலோ, சிறப்புப் பள்ளியில் இடம் கேட்பதாலோ விசாவுக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் டிஸபிலிட்டி லிவிங் அலவன்ஸ், கேரர்ஸ் அலவன்ஸ் ஆகிய பணஉதவிகள் அந்தத் தடைப் பட்டியலில் உள்ளவை. தெரிந்தவர்கள் நல்லெண்ணத்தோடு "விண்ணப்பித்துப் பாருங்கள்" என்று சொன்னாலும், குடியேற்றச் சட்டம் அறிந்தவரிடம் கேட்காமல் அவற்றுக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

இங்கே சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் கல்விக்கு அடிப்படையாக இருப்பது 2014ஆம் ஆண்டின் சில்ட்ரன் அண்ட் ஃபேமிலீஸ் சட்டம். அதன் சிறப்புக் கல்விப் பகுதி இங்கிலாந்துக்கு மட்டும் உரியது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் உண்டு என்பதால், அங்கிருக்கும் உறவினர்கள் சொல்லும் நடைமுறை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் சிறப்புத் தேவைகளை ஒருங்கிணைக்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பார். எல்லோரும் அவரைச் சென்கோ என்பார்கள். பள்ளி தன் சொந்தப் பொறுப்பில் செய்யும் உதவி ஒன்று. அதற்கு மேலும் தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பு எழுதித் தரும் கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டம் மற்றொன்று. இரண்டாவதைத்தான் இ.எச்.சி. பிளான் என்று சொல்கிறார்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மகனுக்கு இரண்டும் வேண்டும். கவுன்சிலின் திட்டம் வரும்வரை பள்ளி காத்திருக்க வேண்டியதில்லை. இப்போதே அவனுக்கேற்ற பாடத்தைத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். தனிப் பாடத்திட்டம் என்றதும், இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் குறைத்து, எளிதாக்கிக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். சிக்கலான கற்றல் தேவைகள் உள்ள பிள்ளைக்கு அது உதவுவதில்லை. எண்ணும் எழுத்தும் இன்னும் பொருள் தராத நிலையில் இருக்கும் குழந்தைக்கு முன்னால் எவ்வளவு எளிய பயிற்சித்தாளை வைத்தாலும் அது வெறும் தாள்தான். அவன் இப்போது எதை நாடுகிறான், எதைச் சகிக்க முடியாமல் விலகுகிறான், தனக்கு வேண்டியதை எந்த வழியில் தெரிவிக்கிறான் என்பதிலிருந்து பாடத்தை மேல்நோக்கிக் கட்ட வேண்டும்.

ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். அவனுக்குப் பேச்சு இல்லை. மேசையில் உட்காரச் சொன்னால் ஓடிவிடுவான். ஆனால் கை கழுவும் இடத்தில் குழாயிலிருந்து நீர் விழுவதைப் பார்த்தபடி எவ்வளவு நேரமானாலும் நிற்பான். அவனைப் பற்றிய பழைய குறிப்புகளில் இது நிறுத்தப்பட வேண்டிய பழக்கமாக எழுதப்பட்டிருந்தது. வகுப்பாசிரியரோ அந்தக் குழாயையே அவனுடைய பாடத்தின் மையமாக வைத்தார். குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு, திறக்காமல், ஒன்றும் பேசாமல் காத்திருப்பார். முதல் வாரங்களில் சிறுவன் அவர் கையைத் தள்ளினான். பிறகு ஒருநாள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்; பார்த்த அந்த நொடியே குழாய் திறந்தது. பார்வையால் கேட்கத் தெரிந்தபின், "திற" என்ற படஅட்டையை எடுத்துக் கொடுக்கப் பழக்கினார்கள். அதன்பின் "நிறுத்து" என்ற அட்டையும் சேர்ந்தது. ஒரு பெரிய குவளையும் ஒரு சிறிய குவளையும் வந்தன. நிறைந்தது, காலியானது, இன்னும் கொஞ்சம் என்பவை அவனுடைய கணக்குப் பாடம் ஆயின. திருகிக் குழாயைத் தானே திறக்க மணிக்கட்டுக்கு வலு வேண்டும் என்பதால் அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் அதற்கான பயிற்சிகளைச் சொன்னார். அதே இடத்தில்தான் சட்டைக் கையை மடிப்பதும் சோப்புப் போடுவதும் துடைப்பதுமாகக் கை கழுவும் முழு வேலையும் அவன் கைக்கு வந்தது.

இது அந்த ஆசிரியரின் கற்பனைத் திறனால் மட்டும் நடந்ததல்ல. இதற்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறது. முன்பு இத்தகைய பிள்ளைகளின் முன்னேற்றத்தைப் பி அளவுகோல் என்ற படிநிலைகளால் அளந்தார்கள். அரசு கேட்டுக்கொண்டபடி நடந்து 2016இல் வெளியான ராச்ஃபோர்டு மீளாய்வு அதைக் கைவிடப் பரிந்துரைத்தது. பாடவாரியான கல்விக்கு இன்னும் வராத தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு பிள்ளையின் ஈடுபாட்டைக் கவனித்து மதிப்பிடும் எங்கேஜ்மென்ட் மாடல் என்ற முறை 2021இல் கட்டாயமாக்கப்பட்டது. புதியதைத் தேடி ஆராய்தல், செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொள்ளுதல், அடுத்து வரப்போவதை எதிர்பார்த்தல், தடை வந்தாலும் விடாமல் முயலுதல், தானாகத் தொடங்குதல் ஆகிய ஐந்தையும் அதில் கவனிக்கிறார்கள். குழாய் முன் நின்ற சிறுவனிடம் இந்த ஐந்தையும் காணலாம். உங்கள் மகனின் ஆசிரியரைச் சந்திக்கும்போது, "இந்த ஐந்தில் அவன் எதில் முன்னேறியிருக்கிறான், அதை எந்தச் செயலில் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். "நன்றாக இருக்கிறான், மகிழ்ச்சியாக இருக்கிறான்" என்பது கேட்க இதமாக இருந்தாலும் உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது.

பெற்றோர் இதில் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். பேசியே ஆக வேண்டும். ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே பெற்றோரின் மௌனத்தை மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, இவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். குறிப்பேடு ஒன்று வாங்கி, அடுத்த சில வாரங்களுக்கு அவனை உன்னித்துப் பார்த்து எழுதுங்கள். எதைக் கேட்கும்போது உங்கள் கையைப் பிடித்து இழுக்கிறான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான், சட்டை போடுவதில் எந்த இடம்வரை தானாகச் செய்கிறான், எந்த நேரத்தில் சோர்கிறான் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். "ரொம்ப அடம் பிடிக்கிறான்" என்பதைவிட, "குளியலறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் ஓசை கேட்டால் தரையில் உட்கார்ந்துவிடுகிறான், ஓசை நின்றபின் எழுந்து வர ஐந்து நிமிடம் ஆகிறது" என்பது ஆசிரியருக்கு நூறு மடங்கு பயன்படும்.

வலிப்பும் பாடத்திட்டத்தோடு சேர்ந்த விஷயம்தான். சில விநாடிகள் வெறித்துப் பார்த்து நிற்கும் வகை வலிப்பு, வகுப்பில் கவனமின்மை போலத் தெரியும். மருந்தின் அளவு மாறும் நாட்களில் தூக்கக் கலக்கம் இருக்கும். வலிப்பு வந்த பிறகு முதல்நாள் செய்ததைக்கூடச் செய்ய முடியாமல் போகலாம். இவை பள்ளிக்குத் தெரியாவிட்டால் பிள்ளை பின்தங்குகிறான் என்று தவறாக எழுதப்படும். அவசர மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்றவர்கள் யார் யார் என்பது உட்பட, தனியான உடல்நலத் திட்டம் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இ.எச்.சி. திட்டத்துக்கான மதிப்பீட்டைப் பெற்றோரே நேரடியாகக் கவுன்சிலிடம் கேட்கலாம். பள்ளியின் அனுமதி தேவையில்லை, நோய்க்கண்டறிவுச் சான்றிதழும் நிபந்தனை அல்ல. பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறது அல்லது இருக்கக்கூடும், அதற்கு இத்தகைய திட்டம் தேவைப்படக்கூடும் என்பதே சட்டத்தின் அளவுகோல். நீங்கள் கேட்ட நாளிலிருந்து 6 வாரங்களுக்குள் மதிப்பிடுவார்களா இல்லையா என்று அவர்கள் சொல்ல வேண்டும். திட்டம் தருவதாக இருந்தால் 20 வாரங்களுக்குள் அது இறுதி வடிவில் வர வேண்டும். பல இடங்களில் இந்தக் காலக்கெடு தவறுகிறது. ஆகவே கேட்ட தேதி எழுத்தில் இருக்கும்படி மின்னஞ்சலிலேயே கேளுங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்ய ட்ரிப்யூனல் என்ற தீர்ப்பாயம் உண்டு.

திட்டத்தின் வரைவு வந்ததும் உங்கள் கருத்தைச் சொல்லக் குறைந்தது 15 நாள் தர வேண்டும். திட்டம் ஏ, பி என ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்பட்ட பகுதிகளாக இருக்கும்; அந்த நாட்களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எஃப் பகுதியைப் படியுங்கள். பிள்ளைக்கு என்ன கற்பித்தல், என்ன உதவி தரப்படும் என்பது அங்கேதான் இருக்கிறது. அங்கே எழுதப்பட்டதைத் தர வேண்டியது கவுன்சிலின் சட்டக் கடமை. அதனாலேயே அங்கே சொற்கள் நழுவலாக இருப்பதுண்டு. "பேச்சுச் சிகிச்சை பெறும் வாய்ப்பு அவனுக்குப் பயன் தரும்" என்று எழுதியிருந்தால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. "தகுதிபெற்ற பேச்சுச் சிகிச்சையாளர் வாரம் ஒருமுறை 30 நிமிடம் தனியாகப் பயிற்சி தருவார், அவரிடம் பயிற்சி பெற்ற உதவியாளர் அதையே பள்ளி நாள்தோறும் 15 நிமிடம் செய்விப்பார்" என்று எழுதியிருந்தால் கட்டுப்படுத்தும். எவ்வளவு நேரம், எத்தனை முறை, யார் என்ற மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: பேச்சுச் சிகிச்சை உடல்நலம் பற்றிய ஜி பகுதிக்குப் போயிருந்தால், எஃப் பகுதிக்கு மாற்றச் சொல்லுங்கள். பிள்ளையைக் கற்பிக்கும் அல்லது பழக்கும் சிகிச்சை, சட்டப்படி கல்வி உதவியாகவே கொள்ளப்பட வேண்டியது.

பி பகுதியில் அவனுடைய தேவைகள் இருக்கும். அங்கே சொல்லப்பட்ட ஒவ்வொரு தேவைக்கும் எஃப் பகுதியில் ஓர் உதவி இருக்க வேண்டும். ஏ பகுதி உங்கள் குடும்பத்தின் குரல். அதில் "எங்கள் மகன் எல்லாப் பிள்ளைகளையும் போல ஆக வேண்டும்" என்று எழுதத்தான் மனம் துடிக்கும்; அந்தத் தவிப்பை நான் நன்றாக அறிவேன். ஆனால் "வலிக்கும்போது எங்கே வலிக்கிறது என்று காட்ட வேண்டும், கழிப்பறைக்குத் தானே போக வேண்டும், தாத்தாவோடு வீடியோவில் ஒரு நிமிடமாவது உட்கார வேண்டும்" என்று எழுதினால் அவை அப்படியே பாட இலக்குகளாகும்.

தமிழை நிறுத்த வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் உறுதியானது: நிறுத்தாதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. உங்களுக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் நீங்கள் பேசத் தொடங்கினால், கொஞ்சலும் தாலாட்டும் குறைந்து கட்டளைகள் மட்டுமே மிஞ்சும். அவனுக்கு இழப்பு அதுதான். படஅட்டைக்கு மொழி இல்லை. பள்ளியில் பயன்படுத்தும் அதே அட்டைகளின் பிரதியை வாங்கி வந்து, வீட்டில் அவற்றைத் தமிழில் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்கு வருபவர்களிடம், வீட்டில் அவன் கேட்பது தமிழ் என்பதைத் தெளிவாகச் சொல்லி, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். "வா", "தா", "போதும்" என்பவற்றைத் தமிழில் புரிந்துகொள்கிற பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால், ஒன்றும் புரியாதவன் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவன் கேட்பதற்கு முன்பே தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம், சட்டையையும் நாமே மாட்டிவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம், ஆனாலும் அவன் தானாகத் தொடங்கும் வாய்ப்பு அதில் போய்விடுகிறது. குவளையைக் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். ஜாக்கெட் ஜிப்பை முக்கால் பங்கு நீங்கள் ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் அவனிடம் விடுங்கள். அது பழகியதும் பாதியில் நிறுத்துங்கள். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிக்கும் இந்த முறையில் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான்.

ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் பெற்றோருக்கு இலவசமாக ஆலோசனை தரும் சென்டியாஸ் என்ற சேவை இருக்கிறது. சட்ட நுணுக்கங்களுக்கு இப்ஸியா என்ற அறக்கட்டளை உதவுகிறது. திட்டம் கிடைத்தபின் வீடு மாறி வேறு கவுன்சிலுக்குப் போனாலும் அது உங்களோடு வரும். புதிய கவுன்சில் அதை நிறைவேற்றக் கடமைப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை அதை மறுபரிசீலனை செய்வார்கள். இப்போதைக்கு இந்த வாரமே சென்கோவிடம் நேரம் கேளுங்கள். கவுன்சிலுக்கு மதிப்பீடு கேட்டு மின்னஞ்சலும் அனுப்புங்கள். வரைவு வந்தால், பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றை மறைத்துவிட்டு எஃப் பகுதியை மட்டும் எனக்கு அனுப்புங்கள். வரிவரியாகச் சேர்ந்து படிப்போம்.