கீழே விழுந்த மடிக்கணினி பத்து நிமிடங்களில் நின்றுபோவது ஏன்?

மேசையிலிருந்து விழுந்த மடிக்கணினி ஒழுங்காகத் தொடங்கினாலும், பத்து நிமிடங்களில் நீலத்திரை (விண்டோஸின் பிழை அறிவிப்பு) காட்டி நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடிப்புறமோ டச்பேடோ மேடிட்டிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியானால் சார்ஜ் போடாமல், திறக்க முயலாமல், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பேட்டரி சரியாக இருந்தால், பழுதைத் தேடும் முன் முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் இது மிக அவசரம், ஏனெனில் பொதுவாக நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் படிப்புமுனை அதிர்ச்சியில் தட்டைக் கீறியிருந்தால், தொடர்ந்து இயக்குவது சேதத்தைப் பெருக்கும். 'டிக் டிக்' என்ற ஒலி கேட்டால் நகலெடுப்பதையும் நிறுத்தி உடனே அணைத்துவிடுங்கள். ஒலி இல்லையெனில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் நிலுவையிலுள்ள செக்டர்களின் (டிஸ்க்கால் சரியாகப் படிக்க முடியாத பகுதிகளின்) எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான்.

சிப்களில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அசையும் பாகம் இல்லாததால் அது பெரும்பாலும் தப்பிவிடும். அப்போது என் முதல் சந்தேகம் ரேமின் (தற்காலிக நினைவகத்தின்) மீதுதான். சார்ஜரையும் பேட்டரி இணைப்பையும் நீக்கிய பின், ரேமைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தி, மெம்டெஸ்ட்86 சோதனையை ஓட்டுங்கள். ரேம் மதர்போர்டிலேயே (முதன்மைச் சுற்றுப்பலகையிலேயே) பற்றவைக்கப்பட்டிருந்தால் சோதனை மட்டுமே இயலும்.

சற்று நேரம் ஓடிய பிறகே நிற்பதால், விசிறி சுழல்கிறதா, ப்ராசஸர் மீதுள்ள ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பாகம்) விலகியிருக்கிறதா என்பதையும் பார்ப்பது அவசியம். விளிம்பை லேசாக அழுத்தும்போதெல்லாம் நின்றால், மதர்போர்டின் பற்றாசில் விரிசல் விழுந்திருக்கக்கூடும். அதை வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம்.